புதுக் காரின் முதல் மூன்று மாதங்கள்

இலங்கையில் ‘புதுக் கார்’ என்ற சொல்லுக்கு வழக்கில் இரண்டு பொருள் உண்டு. தொழிற்சாலையிலிருந்து நேரே வந்து, எவருடைய பெயரிலும் முன்னர் பதியப்படாமல், உரிய கம்பனியின் உள்ளூர் முகவரால் காட்சியறையில் வைத்து விற்கப்படும் வாகனம் ஒன்று. இதனை மக்கள் ‘பிராண்ட் நியூ’ என்கிறார்கள். யப்பானில் சில காலம் ஓடியபின் ஏலத்தில் எடுக்கப்பட்டு, தனியார் இறக்குமதியாளர் ஒருவரால் கொண்டுவரப்பட்டு, இங்கே முதன்முறையாகப் பதியப்படும் வாகனம் மற்றையது. அது ‘ரீகண்டிஷன்’ எனப்படும். திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் வீட்டு முற்றத்தில் இரண்டும் ஒரே பளபளப்போடுதான் நிற்கும்; அவ்வூர் ஆதிகோணநாயகர் கோயில் வாசலில் இரண்டின் சில்லுக்கும் அடியில் தேசிக்காய் வைத்துத்தான் நசுக்குவார்கள். பழுதொன்று தலைகாட்டும் நாளில்தான் வேறுபாடு தெரியவரும். முன்னதற்கு உற்பத்தியாளரின் எழுத்து மூலமான உத்தரவாதம் உண்டு. பின்னதற்குப் பெரும்பாலும் விற்றவர் தரும் உறுதிமொழி மட்டுமே துணை. உத்தரவாதத்தைக் கையில் வைத்திருந்தும் முகவரின் பணிமனையில் முறையான சேவை கிடைக்காமல் அலையும் முதல் வகையினரின் நிலையே இங்கு ஆராயப்படுகின்றது.

2020 மார்ச் மாதத்தில் நாட்டின் வெளிநாட்டுச் செலாவணியைக் காப்பதற்காக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான கார்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டது 2025 பெப்ரவரி 1ஆம் திகதியில்தான். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் புதிய வாகனமே விற்காத முகவர் நிலையங்களில் பணிமனைகள் பழைய வாகனங்களின் பராமரிப்பை நம்பியே உயிர் பிழைத்தன. இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த ஓராண்டில் மட்டும் வெளிநாட்டு வேலைக்கெனப் பதிந்து சென்றோர் 3 இலட்சத்துக்கும் அதிகம். கைத்தொழில் தெரிந்தவருக்கு வளைகுடா நாடுகளில் எப்போதும் இடமுண்டு என்பதால், தேர்ந்த மெக்கானிக்குகள் பலரும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள் என்று எண்ணுவது மிகையன்று. மறுபுறம், இந்த ஐந்து ஆண்டுகளில் வாகனத் தொழில்நுட்பம் கலப்பு எஞ்சினுக்கும் மின்சார ஓட்டத்துக்கும் வேகமாக நகர்ந்துவிட்டது. ஆகவே கடை திறந்தபோது வந்து சேர்ந்தவை புதிய வகை வாகனங்கள். அவற்றைப் பழுதறிய வேண்டிய கைகளோ குறைந்துபோயிருந்தன.

சேவை மோசமாவதற்குக் காரணம் பணியாளரின் முகச்சுளிப்பு என்று வாடிக்கையாளர் நினைப்பது இயல்பு. உண்மையான காரணம் பணம் வரும் வழியில் இருக்கின்றது. ஒரு காரின் பிரேக் தேய்ந்து அதன் உரிமையாளர் காசு கொடுத்து மாற்றும்போது, பணிமனை தான் நிர்ணயித்த கூலியை முழுமையாகப் பெறுகின்றது. அதே வேலை உத்தரவாதத்தின் கீழ் செய்யப்படும்போது கூலியைக் கொடுப்பவர் வெளிநாட்டிலுள்ள உற்பத்தியாளர். அவர் ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம்தான் எடுக்க வேண்டும் என்று ஓர் அட்டவணை வைத்திருப்பார். அதில் குறித்த நேரத்துக்கு, தாம் ஒப்புக்கொண்ட வீதத்தில் மட்டுமே பணம் அனுப்புவார். ஒரு பாகத்தைக் கழற்றிப் புதியதைப் பூட்டும் வேலைக்கு அட்டவணையில் நேரம் உண்டு. ஆனால் எப்போதாவது ஒருமுறை மட்டும் கேட்கும் ஒரு சத்தம் எங்கிருந்து வருகின்றது என்று மூன்று மணித்தியாலம் தேடுவதற்கு அதில் கிடைக்கும் நேரம் மிகச் சொற்பம். மேலும், மாற்றிய பழைய பாகத்தை எடுத்துவைத்துக் காட்ட வேண்டும், பழுதுக்கான சான்றை இணைக்க வேண்டும், பெரிய வேலையென்றால் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். இவற்றில் ஏதாவது தவறினால் உற்பத்தியாளர் கோரிக்கையை நிராகரித்துவிடுவார், செலவு முகவரின் தலையில் விழும். எனவே தெளிவாகக் கண்ணுக்குத் தெரியும் பழுது விரைவாகத் திருத்தப்படுவதும், மறைந்து மறைந்து தோன்றும் பழுது ‘பார்த்தோம், ஒன்றும் இல்லை’ என்ற பதிலோடு திருப்பி அனுப்பப்படுவதும் தற்செயலானவை அல்ல.

இதனோடு இலங்கைக்கே உரிய ஒரு தடையும் சேர்கின்றது. இந்தியாவில் ஒரு கம்பனியின் காரை வாங்கியவர், திருச்சியிலுள்ள விற்பனையாளரின் பணிமனை சரியில்லை என்றால் அதே கம்பனியின் வேறொரு விற்பனையாளரிடம் தஞ்சாவூருக்குப் போகலாம். விற்பனையாளர்கள் தமக்குள் போட்டியிடுவதால் அந்த வழி திறந்திருக்கின்றது. இலங்கையில் ஒரு வர்த்தகக் குறிக்கு வழக்கமாக ஒரே ஒரு முகவர் நிறுவனமே உண்டு. இறக்குமதி, விற்பனை, உதிரிப்பாகம், உத்தரவாத வேலை ஆகிய நான்கும் அதன் கையிலேயே இருக்கும். பெரும்பாலான முகவர்களின் முழு வசதியுள்ள பணிமனைகள் கொழும்பையும் அதன் அயலையும் சுற்றியே அமைந்திருக்கின்றன. தம்பலகாமத்திலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாக ஏ-6 வீதியில் கொழும்பு செல்ல 200 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். போகவர ஒரு நாள் போய்விடும். கந்தளாய்க் குளத்து நீரில் வயல் செய்யும் ஒரு விவசாயிக்கோ, திருகோணமலை நகரில் வேலைக்குச் செல்லும் ஓர் ஆசிரியைக்கோ அந்த ஒரு நாளின் விலை சிறியதன்று.

தூரம் பழுதையே மறைத்துவிடும் என்பது பலரும் கவனிக்காத ஒன்று. எஞ்சின் இரவு முழுவதும் நின்று குளிர்ந்தபின் காலையில் முதன்முறை இயக்கும்போது, முதல் சில விநாடிகளுக்கு மட்டும் உலோகம் உலோகத்தோடு உரசுவதுபோல் கேட்கும் சத்தத்தை எடுத்துக்கொள்ளலாம். நின்ற நேரத்தில் ஓயில் கீழே வடிந்திருப்பதும், குளிரில் பாகங்களுக்கு இடையிலான இடைவெளி சற்று மாறியிருப்பதும் அத்தகைய சத்தம் தோன்றுவதற்கான காரணங்களுள் சில. தம்பலகாமத்தில் விடியற்காலை அந்தச் சத்தத்தைக் கேட்டவர் உடனே புறப்பட்டு, முற்பகலில் பணிமனை வாசலில் போய் நிற்கும்போது எஞ்சின் ஐந்து மணித்தியாலம் ஓடிக் கொதித்திருக்கும். மெக்கானிக் சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் அமைதியாக இயங்குகின்றது. “ஐயா, ஒரு சத்தமும் இல்லையே” என்று அவர் சொல்வது பொய்யன்று. கேட்டவர் சொன்னதும் பொய்யன்று. வாகனத்தை இரவில் பணிமனையிலேயே விட்டு, மறுநாள் காலை எவரும் தொடுமுன் இருதரப்பும் சேர்ந்து நின்று இயக்கிப் பார்ப்பதே இதற்குரிய முறை. அதற்கு முகவர் உடன்பட வேண்டும், வாடிக்கையாளருக்குத் தங்க இடம் வேண்டும். இயலாதபோது, வீட்டு முற்றத்தில் கைபேசியால் எடுத்த காணொளியே அடுத்த சான்று. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளும், நேரமும், ஓடிய கிலோமீற்றரும் ஒரே காட்சியில் விழுமாறு அதனை எடுத்தால் சான்றின் பெறுமதி உயரும்.

பணிமனையில் ஒரு வாகனம் உள்ளே எடுக்கப்படும்போது எழுதப்படும் தாளுக்கு ‘ஜொப் காட்’ என்று பெயர். வாகன இலக்கம், அடிச்சட்ட இலக்கம், ஓடிய தூரம், வாடிக்கையாளர் சொன்ன குறை, செய்த வேலை, வெளியே விட்ட நாள் ஆகியவை அதில் பதியப்படும். புதுக் கார் தொடர்பான எந்தத் தகராறிலும் பின்னாளில் பேசப்போவது இந்த ஒரு தாள்தான் என்பதால், இதில் என்ன எழுதப்படுகின்றது என்பது வேலையைப் போலவே முக்கியமானது. வரவேற்பு மேசையில் இருப்பவர் பலமுறை ‘சத்தம்’ என்ற ஒரு சொல்லோடு அந்தக் கட்டத்தை நிரப்பிவிடுவார். ‘காலையில் குளிர்ந்த நிலையில் இயக்கும்போது முதல் ஐந்து விநாடி, எஞ்சினின் இடப்பக்கத்திலிருந்து உரசும் சத்தம், இது மூன்றாவது முறை, முந்திய வருகைகளின் திகதி இவை’ என்று எழுதுவித்தால் அதே தாள் வேறொரு ஆவணமாகிவிடும். பலமுறை இந்தத் தாள் ஆங்கிலத்திலேயே இருக்கும், சில இடங்களில் சிங்களத்தில். தமிழில் மட்டுமே வாசிப்பவர் கையொப்பமிடுமுன் அதில் எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெறுங்கையோடு வீடு திரும்புவதும் தவறு. ‘பழுது காணப்படவில்லை’ என்று முகவர் முடிவு செய்தாலும், அந்த முடிவு எழுதிய தாளின் பிரதி வாடிக்கையாளரிடம் இருக்க வேண்டும். ‘சின்ன விசயம்தானே, ஜொப் காட் வேண்டாம்’ என்று உள்ளே எடுத்துச் செய்து கொடுப்பது உதவிபோலத் தோன்றினாலும், அந்த வருகை எந்தப் பதிவிலும் இராது.

கணினியில் பதியும் குறியீடும் இவ்வாறே. இக்காலத்துக் கார்களில் எஞ்சினையும் பிரேக்கையும் கட்டுப்படுத்தும் கணினிகள், ஏதாவது அளவு எல்லை மீறும்போது ஒரு பழுதுக் குறியீட்டையும், அந்நேரத்து வேகம், சூடு போன்ற அளவுகளையும் சேமித்துக்கொள்ளும். பணிமனையில் கருவியைப் பொருத்தி அதனை வாசிக்கலாம்; அதே கருவியால் அழிக்கவும் செய்யலாம். எச்சரிக்கை விளக்கு அணைந்துவிட்டது என்று மகிழ்ந்து திரும்பியவர், சான்றும் சேர்ந்தே அணைந்துவிட்டதைப் பின்னர்தான் அறிகிறார். அழிக்குமுன் அச்சிட்டுத் தரும்படி கேட்பதற்கு அதிக நேரம் தேவைப்படாது.

குறைகளில் ஒரு பங்கு தொழிற்சாலையில் பிறப்பதே இல்லை. வாகனத்தைக் கையளிக்குமுன் முகவர் செய்ய வேண்டிய சோதனை அரைகுறையாக நடந்ததால் பிறக்கின்றது. கப்பலில் வரும்போது கார் ஆடாதிருக்கச் சில வகைகளில் சுருள்வில்லுகளுக்கு இடையே சிறு தடுப்புக் கட்டைகள் செருகப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்ற மறந்தால் புதிய கார் மாட்டுவண்டிபோலக் குலுங்கும். நீண்ட நாள் நிற்கும்போது ரயர் ஒரே இடத்தில் தட்டையாகாதிருக்க அதிக காற்று நிரப்பி அனுப்புவதுண்டு. குறைக்காமல் கொடுத்தால் வீதியில் பிடிமானம் குறையும். துறைமுகத்திலும் களஞ்சியத்திலும் மாதக்கணக்கில் நின்ற காரின் பற்றரி மெல்ல இறங்கிக் கெட்டுப்போயிருக்கலாம்: சாதாரண 12 வோல்ட் ஈயப் பற்றரி முழுமையாக ஏறிய நிலையில், இயங்காமல் நிற்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே பலகாலம் கிடந்த பற்றரியைப் புதியது என்று ஏற்பது முறையன்று. ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும்; முதல் இரண்டும் அது செய்யப்பட்ட வாரம், பின் இரண்டும் ஆண்டு. 4023 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 40ஆவது வாரம். வாகனம் எவ்வளவு காலம் காத்துக் கிடந்தது என்பதை ஊகிக்க இந்த நான்கு இலக்கங்கள் உதவுகின்றன. இவற்றைப் பகல் வெளிச்சத்தில், பணத்தின் கடைசிப் பகுதியைக் கொடுக்குமுன் பார்ப்பதே நல்லது. நல்ல நேரம் தவறிவிடும் என்ற அவசரத்தில் மாலை மங்கலில் சாவியை வாங்குவோர் பலர்.

இனிச் சட்டம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இயங்குகின்றது. மக்கள் இதனை நுகர்வோர் அதிகாரசபை என்றும் அழைப்பர். கொடுக்கப்பட்ட உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள் விற்கப்பட்டால், அந்த உத்தரவாதம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருந்தாலும் சூழ்நிலையால் உட்கிடையாகப் பெறப்பட்டாலும், அதுபற்றி விசாரிக்கும் அதிகாரத்தை இச்சட்டத்தின் 13ஆம் பிரிவு சபைக்கு அளிக்கின்றது. விசாரணையின் முடிவில் இழப்பீடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ வியாபாரிக்குக் கட்டளையிடலாம். 32ஆம் பிரிவோ, தொழிலாகச் சேவை வழங்கும் எவரும் அதனை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வார் என்ற உத்தரவாதம் ஒவ்வொரு சேவை ஒப்பந்தத்திலும் உள்ளடங்கியிருப்பதாகக் கொள்கின்றது.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் ஒரு முள் உண்டு. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும்; பொருள் விற்கப்பட்ட அல்லது சேவை வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். கார் உத்தரவாதங்கள் ஆண்டுக்கணக்கில் ஓடுபவை. சட்டத்தின் கடிகாரமோ மூன்று மாதத்தில் நின்றுவிடுகின்றது. மூன்று ஆண்டு உத்தரவாதம் என்று நம்பி, முகவர் சொல்லும் ‘அடுத்த மாதம் பாகம் வந்துவிடும்’ என்ற வார்த்தைக்காகப் பொறுமையோடு காத்திருப்பவர், அந்தப் பொறுமையாலேயே விற்பனை பற்றிய முறைப்பாட்டு உரிமையை இழக்கக்கூடும். இது சட்டத்தின் பெருங்குறை என்றே கொள்ள வேண்டும். அரிசிக்கும் பிஸ்கட்டுக்கும் பொருந்தும் காலவரை, பல இலட்சம் ரூபாவுக்கு வாங்கி ஆண்டுக்கணக்கில் பாவிக்கும் இயந்திரத்துக்குப் பொருந்தாது. ஆயினும் ‘சேவை வழங்கப்பட்ட நாள்’ என்ற சொற்றொடரில் ஒரு வாசல் இருக்கின்றது. பணிமனைக்குச் செல்லும் ஒவ்வொரு வருகையும் ஒரு சேவை. அது கவனமின்றிச் செய்யப்பட்டது என்பதே முறைப்பாடானால், அந்த வருகையின் நாளிலிருந்து மூன்று மாதத்தை எண்ணலாம் என்று வாதிட இடமுண்டு. திகதியிட்ட ஜொப் காட் ஒவ்வொன்றும் பெறுமதி பெறுவது இதனாலேயே.

தாமதியாமல் முறையிட வேண்டும் என்பதற்கும் பழைய சட்டமொன்று துணைநிற்கின்றது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், ஆங்கிலேயரின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது. மோட்டார் வாகனம் இத்தீவின் வீதிகளுக்கு வருமுன்னரே பிறந்த அச்சட்டம் இன்றும் கார் விற்பனையை ஆள்கின்றது. வாங்கியவர் நியாயமான காலத்துக்கு மேல் எதுவும் சொல்லாமல் பொருளை வைத்திருந்தால் அதனை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படுவார் என்பது அதன் கொள்கைகளில் ஒன்று. ஏற்றுக்கொண்டபின் நட்டஈடு கேட்கலாம். பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை நழுவிவிடும். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்ற பழமொழி இங்கே சட்டமாகவே நிற்கின்றது.

லீசிங்கில் வாங்கியவரின் நிலை இன்னும் சிக்கலானது. நிதி நிறுவனமே வாகனத்தின் முழு உரிமையாளராகப் பதியப்பட்டிருக்கும். ஓட்டுபவர் பதிவு பெற்ற உரிமையாளர் மட்டுமே. கார் பணிமனையில் இரண்டு மாதம் கிடந்தாலும் மாதத் தவணை நிற்பதில்லை. தவணையை நிறுத்தி முகவரை வழிக்குக் கொண்டுவரலாம் என்று எண்ணுவோர் உண்டு. அதனால் முகவருக்கு ஒரு சதமும் நட்டமில்லை, அவர் பணம் முழுவதையும் முன்னரே பெற்றுக்கொண்டார், வாகனத்தை இழக்கப்போவது ஓட்டுபவர்தான். முகவருக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியையும் நிதி நிறுவனத்துக்கு அனுப்புவது இதைவிடப் பயனுள்ளது. தன் சொத்தில் பழுது இருக்கின்றது என்பதை அதன் உரிமையாளர் அறிந்திருக்க வேண்டும்.

இந்திய நீதிமன்றங்களின் அனுபவம் இலங்கையரைக் கட்டுப்படுத்தாது எனினும் பாடமாகும். 2006இல் மாருதி உத்யோக் எதிர் சுசீல் குமார் கப்கோத்ரா வழக்கில், கிளச்சில் குறையிருந்த காருக்காக வாகனத்தையே மாற்றித் தரும்படி கீழ்நிலையில் இடப்பட்ட கட்டளையை இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. உத்தரவாத நிபந்தனை பழுதான பாகத்தை மாற்றுவதை மட்டுமே சொல்கின்றது என்பது அதன் நிலைப்பாடு. 2021இல் டாடா மோட்டார்ஸ் எதிர் அந்தோனியோ பாவுலோ வாஸ் வழக்கு வந்தது. முன்னரே ஓடிய பழைய ஆண்டுக் காரைப் புதியதென விற்றதாகக் கோவாவின் விற்பனையாளர் மீது எழுந்த முறைப்பாடு அது. விற்பனையாளரின் செயல் உற்பத்தியாளருக்குத் தெரிந்திருந்தது என்று காட்டப்படாதவரை உற்பத்தியாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்த்தது. மறுபுறம், 2022இல் ஹூண்டாய் எதிர் சைலேந்திர பட்நாகர் வழக்கில், விபத்தில் காற்றுப்பை விரியாத காருக்குப் பதிலாக வேறு கார் கொடுக்கும்படி இட்ட கட்டளையை அதே நீதிமன்றம் உறுதிசெய்தது. பாதுகாப்புக்கான பாகம் உரிய வேளையில் இயங்காதபோது நீதிமன்றம் கடுமையாகின்றது. ஓட்டத்தின் வசதியைக் கெடுக்கும் குறைக்கு மாற்று வாகனம் கிடைப்பது கடினம். இவ்வேறுபாட்டை அறிந்தவர் தம் முறைப்பாட்டில் பாதுகாப்பைத் தொடும் அம்சத்தை, அது உண்மையாகவே இருக்குமானால், முதலிலேயே எழுதுவார்.

வேறு சில நாடுகள் இந்தச் சிக்கலை எண்ணிக்கையால் தீர்த்தன. அமெரிக்க வழக்கில் அடுத்தடுத்துப் பழுதாகும் காருக்கு எலுமிச்சை என்று பெயர். பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும், அவருக்கு 2001இல் கிடைத்த நோபல் பரிசும் இச்சொல்லை உலகறியச் செய்தன. 1982இல் கனெக்டிகட் மாநிலம் இயற்றிய சட்டம், ஒரே பழுதை நான்கு முறை திருத்த முயன்றும் தீராவிட்டால், அல்லது மொத்தம் 30 நாள் கார் பணிமனையில் கிடந்தால், நியாயமான வாய்ப்புகள் முடிந்துவிட்டன என்று கொண்டது. பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் முதல் 30 நாளுக்குள் பொருளை நிராகரிக்கவும், அதன்பின் ஒரு திருத்த முயற்சி தவறினால் நிராகரிக்கவும் இடமளிக்கின்றது. சிங்கப்பூரில் 2012 செப்டெம்பர் முதல், பொருளைக் கையேற்ற ஆறு மாதத்துக்குள் தோன்றும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிறுவ வேண்டியவர் விற்றவர். இலங்கைக்கு இவற்றில் மிகவும் பொருந்துவது நாளை எண்ணும் முறை. தம்பலகாமத்து உரிமையாளர் எஞ்சினின் உள்விவகாரத்தை நிறுவ நிபுணரை அமர்த்த முடியாது. ஆனால் கார் எத்தனை நாள் பணிமனையில் நின்றது என்பதை இரண்டு தாள்களால் எவரும் நிறுவலாம்.

அத்தகைய சட்டம் வரும்வரை இருப்பதைக் கொண்டே நடக்க வேண்டும். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம்: வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் கூறுவதால், தமிழில் எழுதிய கடிதத்தை அரச அலுவலகம் ஏற்கும் கடப்பாடு கொண்டது. நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் வழிகேட்க உதவும். ஆனால் சட்டம் கேட்பது எழுத்து. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. வாங்கிய நாள், அடிச்சட்ட இலக்கம், குறை முதலில் தோன்றிய நாள், பணிமனைக்குச் சென்ற ஒவ்வொரு நாளும் அன்று சொல்லப்பட்ட பதிலும், கார் நின்ற மொத்த நாட்கள், கேட்கும் பரிகாரம் ஆகியவை போதும். மனவேதனையை விவரிக்கும் வரிகள் விசாரணையாளருக்கு உதவுவதில்லை. ஒரு பிரதி முகவருக்குப் பதிவுத் தபாலில், ஒரு பிரதி நிதி நிறுவனத்துக்கு. மற்றொன்றைத் திருகோணமலையிலுள்ள மாவட்ட அலுவலகத்தில் நேரில் கொடுத்து, கையில் வைத்திருக்கும் பிரதியில் திகதி முத்திரையையும் பெற்றவரின் கையொப்பத்தையும் வாங்கிக்கொண்டு, கார் வாங்கிய தொண்ணூறாவது நாளுக்கு முன் தம்பலகாமம் திரும்பிவிட வேண்டும்.